பியானோ ரோல் பதித்தவர்களைப் பழைய படங்களில் பார்ப்பது எப்படி?

கிராமபோனில் பியானோவின் ஒலி சரியாகப் பிடிபடாத காலத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய கலைஞர்கள் காகிதத்தில் வாசித்து வைத்தார்கள். வாசித்தது காகிதச் சுருளில் துளைகளாக ஏறும். அந்தச் சுருளை, அதாவது ரோலை, பிளேயர் பியானோவில் மாட்டினால் ஆளே இல்லாமல் கட்டைகள் தாமாக அமுங்கி எழும். அப்படி ரோல் பதித்தவர்களில் சிலர் பிற்பாடு கேமரா முன்னாலும் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து, ரோலோடு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பியானோ வாசிக்கத் தெரிய வேண்டாம். இணையமும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இன்னார் வாசிக்கிறார்' என்ற தலைப்போடு இணையத்தில் வரும் பழைய வீடியோக்களை அப்படியே நம்பிவிட முடியாது. மௌனப் படத்தை எடுத்து, அதன்மேல் ரோலின் ஒலியையோ வேறொரு ஆண்டின் ரெக்கார்டையோ ஒட்டிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆசையில் செய்வதுதான். ஆனால் பார்க்கிற நமக்கு எது படம், எது ஒலி என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை அதுதான். எனக்குப் பிடித்த பாதியும் அதுவே.

ரோலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

சாதாரண பிளேயர் பியானோ காற்றை ஊதி வேலை செய்வதில்லை, உறிஞ்சி வேலை செய்கிறது. காலால் மிதித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். காகிதம் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் நகர்ந்துபோகும். பட்டையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஓட்டை. காகிதத் துளை அந்த ஓட்டைக்கு நேராக வந்ததும் காற்று உள்ளே போகும், அந்தச் சுரத்துக்கான குட்டித் துருத்தி சுருங்கும், சுத்தியல் கம்பியில் அடிக்கும். 1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி 88 கட்டைக்கான பொது அளவை முடிவு செய்தார்கள்: காகித அகலம் 11¼ அங்குலம், அங்குலத்துக்கு ஒன்பது துளை. இந்த வகை ரோல்களில் நிறைய, எந்தக் கலைஞரும் வாசிக்காமல், இசைக்குறிப்பைப் பார்த்து நேரடியாகத் துளையிட்டவை. அவற்றுக்கு நம் தேடலில் இடமில்லை.

நமக்கு வேண்டியது பெரும்பாலும் 'ரீபுரொட்யூசிங்' வகை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கைச் சேர்ந்த வெல்டே நிறுவனம் 1904-இல் கொண்டுவந்த வெல்டே-மின்யோன் இதில் முன்னோடி. அமெரிக்காவில் அடுத்த பத்தாண்டில் ஏயோலியன் நிறுவனத்தின் டுவோ-ஆர்ட், அமெரிக்கன் பியானோ கம்பெனியின் ஆம்பிக்கோ இரண்டும் வந்தன. எந்தச் சுரம் எப்போது என்பதோடு, எவ்வளவு பலமாக என்பதையும் இவை காகிதத்தில் ஏற்றின.

இந்த 'எவ்வளவு பலமாக' என்பதில்தான் கவனம் வேண்டும். டுவோ-ஆர்ட்டில் பலத்துக்கு நான்கு துளைகள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று மதிப்பு வைத்து, அவற்றைக் கூட்டிக் கலந்து பதினாறு படிகள் வரும். மெட்டுக்குத் தனியாக, பின்னணிக்குத் தனியாக. கலைஞர் வாசிக்கும்போது ஸ்டுடியோவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் டயல்களைத் திருப்பித்தான் இந்தப் படிகளைக் குறித்தார். பிறகு கலைஞரோடு உட்கார்ந்து திருத்தினார்கள். தவறான சுரம் இருந்தால் அந்தத் துளையை ஒட்டி மூடிவிட்டுச் சரியான இடத்தில் புதிதாக ஒன்று போடலாம். ஆகவே ரோலில் காலக்கணக்கை ஓரளவு நம்பலாம், விரல் அழுத்தத்தை அவ்வளவு நம்ப முடியாது. படம் பார்க்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். ரோலில் கேட்கும் சுரமெல்லாம் ஒரே ஆளின் பத்து விரலில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1920களில் டுவோ-ஆர்ட்டுக்காக 'ராப்சடி இன் புளூ' பதித்தபோது, பியானோப் பகுதியோடு ஆர்கெஸ்ட்ராவின் பகுதியையும் சேர்த்தே காகிதத்தில் ஏற்றினார். ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து அதை வாசிக்கவே முடியாது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு 'ரோலில் இருந்த அந்த நெரிசல் எங்கே போச்சு?' என்று தேட வேண்டாம்.

யாரைத் தேடுவது

இதற்கு ஆண்டுக்கணக்கு ஒன்றே போதும். படத்தோடு ஒலியும் சேர்ந்து பதிவாவது 1920களின் பிற்பகுதியில்தான் திரையரங்கில் நிலைபெற்றது. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒலியுள்ள படம் இருக்க வழியில்லை. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1905 நவம்பர் 9-ஆம் தேதி லைப்ஸிக்கில் வெல்டேவுக்காக நான்கு ரோல்கள் பதித்தார், 1911-இல் இறந்தார். அவர் பியானோ வாசிக்கும் வீடியோ என்று யாராவது காட்டினால், சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கிரீக், டெபுஸ்ஸி, ஸ்கிரியாபின் மூவரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

மௌனப் படமாக மட்டும் கிடைப்பவர்கள் அடுத்த வரிசை. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான் 1835-இல் பிறந்தவர். சோபான் இறந்தபோது இவருக்கு வயது 14. 1905-இல் வெல்டேவுக்கு ரோல் பதித்திருக்கிறார். சாஷா கீத்ரி 1914-15-இல் பிரான்ஸின் முதிய கலைஞர்களைப் படம்பிடித்தபோது ரொதான், மோனே, ரெனுவார் ஆகியோரோடு இவரையும் எடுத்தார். அந்த மனிதர் அசைவதைப் பார்ப்பதே எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயமாக இருக்கிறது.

ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ராக்மனினாஃப் கதை வேறு. அவர் 1943 வரை இருந்தார். ஆம்பிக்கோவுக்கு முப்பத்துச் சொச்சம் ரோல் கொடுத்தார், விக்டர் நிறுவனத்துக்கு ரெக்கார்டுகளும் கொடுத்தார். ஆனால் அவர் வாசிக்கும் ஒலிப்படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டார் எடுத்த மௌனத் துண்டுகள்தான் உண்டு. அவற்றில் மேடைப் புகைப்படங்களின் கடுகடுப்பு இல்லாத, சிரிக்கிற மனிதர் ஒருவர் தெரிவார். அதே துண்டுகள்மேல் ரோல் ஒலியை ஒட்டிய வீடியோக்களும் கண்ணில் படும். தெரிந்துகொண்டு பார்த்தால் தப்பில்லை.

சரி, ஒலியும் படமும் இரண்டுமே வேண்டுமென்றால் யாரிடம் தொடங்கலாம்? என் வரிசை இது. அமெரிக்க ராக்டைம், ஜாஸ் கலைஞர் யூபி பிளேக், 1923: லீ டி ஃபாரஸ்ட்டின் ஃபோனோஃபிலிம் முறையில், பாடகர் நோபிள் சிஸலோடு. படச்சுருளிலேயே ஒலியைப் பதித்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. பிளேக் 1917 வாக்கிலேயே ரோல் பதிக்கத் தொடங்கியவர், 1983 வரை வாழ்ந்தவர். அதனால் இளைஞனாக ஒரு படத்திலும் தொண்ணூறு தாண்டிய கிழவராகத் தொலைக்காட்சியிலும் அவரைப் பார்க்கலாம். வேறு யாரிடமும் இந்த வசதி இல்லை. அடுத்து ஹரால்டு பாவர்: டுவோ-ஆர்ட் கலைஞர், 1926 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த முதல் வைட்டாஃபோன் (படத்தோடு இசைத்தட்டை ஓட்டி ஒலி தரும் முறை) காட்சியில் வயலின் கலைஞர் எஃப்ரெம் ஸிம்பலிஸ்டோடு சேர்ந்து பேத்தோவனின் கிராய்ட்ஸர் சொனாட்டாவிலிருந்து வாசித்தார். பிறகு கெர்ஷ்வின்: 1931-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தியேட்டரில் 'ஐ காட் ரிதம்' வாசிக்கும் செய்திப்படம். ஆல்ஃபிரட் கோர்த்தோ 1936-இல் டெபுஸ்ஸி வாசிக்கும் குறும்படம். லண்டன் நேஷனல் கேலரியில் போர்க்காலக் கச்சேரியில் மொஸார்ட் வாசிக்கும் மைரா ஹெஸ், 1942-இல் வெளியான 'லிஸன் டு பிரிட்டன்' என்ற ஆவணப்படத்தில். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலர், 1941. போலந்துப் பியானோ கலைஞர் பாடெரெவ்ஸ்கி, 1937. கடைசி இரண்டு பேரைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எங்கே, எப்படித் தேடுவது

யூடியூபில் பெயரைப் போட்டு முதலில் வருவதைப் பார்ப்பது தொடக்கம்தான். அதோடு நின்றுவிடாதீர்கள். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-இல் சுமார் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது; அவர்களுடைய தளத்தில் தேடும் வசதி இன்னும் நன்றாக இருக்கும். தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபாக்ஸ் மூவிடோன் செய்திப்படங்களின் பெரிய சேமிப்பு உண்டு. வெளியான செய்தி மட்டுமல்ல, வெட்டிப்போட்ட மிச்சமும் அங்கே இருக்கிறது. என்னைக் கேட்டால் மிச்சம்தான் தங்கம். செய்தியில் பத்து விநாடி காட்டிய ஆள் மிச்சச் சுருளில் இரண்டு தடவை முழுசாக வாசித்திருப்பார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பிரான்ஸின் ஒலி-ஒளிக் காப்பகமான இனா, இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

தேடும்போது இரண்டு நுணுக்கம். பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். ரஷ்ய, போலிஷ் பெயர்களை அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் நினைத்தபடி எழுதியிருக்கின்றன. இரண்டாவது, கலைஞர் வேறு எதற்காகப் பிரபலம் என்று பாருங்கள். பாடெரெவ்ஸ்கி 1919-இல் போலந்தின் பிரதமராக இருந்தவர், வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர். அதனால் செய்திப்பட அட்டவணைகளில் அவர் 'இசை' என்ற தலைப்பில் அகப்படாமல் 'அரசியல்' தலைப்பில் ஒளிந்திருப்பார்: கப்பலிலிருந்து இறங்குவார், தொப்பியைத் தூக்குவார், போய்விடுவார்.

ரோல் பதிவாகும் அறைக்குள்ளேயே எடுத்த படம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அடம்பிடிக்க வேண்டாம். அந்த அறைகளைப் பற்றி நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் விளம்பரத்துக்காக எடுத்த புகைப்படங்கள்.

பார்ப்பதற்கு முன் நான்கு சந்தேகம்

வீடியோ கிடைத்ததும் ஒலியை முழுதாக அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் சந்தேகம் வேகம். மௌனப் படங்கள் விநாடிக்கு 16, 18 ஃப்ரேம் என்று எடுக்கப்பட்டவை. 24 ஃப்ரேமில் ஓட்டினால் கைகள் படபடக்கும், நடப்பவர்கள் ஓடுவார்கள். யூடியூபில் வேகத்தை 0.75-க்கு வையுங்கள், 24 என்பது 18 ஆகிவிடும். பல நேரம் அதுவே போதும். கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் தலையைத் திருப்புவதையும் பாருங்கள். கலைஞரின் விரல் எவ்வளவு வேகம் என்று நமக்குத் தெரியாது, தலை எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்று தெரியும்.

இரண்டாவது, ஒலி இந்தப் படத்துடையதுதானா? இப்போது ஒலியைப் போடுங்கள். இரண்டு கையும் சேர்ந்து தூக்கி அடிக்கும் ஒரு பெரிய ஒலியைத் தேர்ந்தெடுத்து, கை கட்டையில் விழும் கணமும் ஒலி வரும் கணமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 35 மி.மீ. படச்சுருளில் ஒலித்தடம், அதற்குரிய படத்திலிருந்து சுமார் 20 ஃப்ரேம் தள்ளி இருக்கும். பிரதி எடுக்கும்போது அதைச் சரிசெய்யத் தவறினால் முக்கால் விநாடிக்கு மேல் விலகல் வரும். இப்படி வந்த விலகல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருக்கும். ஒட்டவைத்த ஒலி அப்படி இருக்காது. ஓரிடத்தில் பொருந்தும், அடுத்த அடியில் ஓடிப்போகும்.

மூன்றாவது, பிளேபேக். தமிழ் சினிமாவில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: பாட்டு முன்பே பதிவாகிவிடும், படப்பிடிப்பில் வாயசைப்பு. பியானோவிலும் அதேதான், அங்கே விரலசைப்பு. ஃபேட்ஸ் வாலர் 1941-இல் நடித்த 'சவுண்டீஸ்' குறும்படங்கள் இந்த ரகம். கிண்ணத் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, புருவத்தை ஏற்றி இறக்கி 'எய்ன்ட் மிஸ்பிஹேவிங்' பாடுவார். குரலும் வாசிப்பும் அவருடையவையே, ஆனால் வேறொரு வேளையில் பதிந்தவை. அவருடைய முகத்துக்காக அந்தப் படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். விரல் நுட்பம் படிக்க அதை நம்ப வேண்டாம்.

நான்காவது கண்ணாடிப் பிம்பம். இதுவும் சவுண்டீஸில்தான் வரும். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி தயாரித்த பனோரம் என்ற பெட்டியில் பத்து சென்ட் காசு போட்டால் ஒரு பாட்டு ஓடும். பெட்டிக்குள் கண்ணாடிகள் வழியாகப் படம் திரையில் விழும் என்பதால், பிரதிகளையே இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அந்தப் பிரதியைச் சாதாரணமாக ஓட்டினால் எல்லாம் தலைகீழ்: இடக்கை வலக்கையாகும். எழுத்துத் தலைப்பு இருந்தால் உடனே தெரிந்துவிடும். அதை வெட்டிவிட்டிருந்தால் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் மேல் பாக்கெட் அணிந்தவரின் இடது மார்பில் இருக்கும். கிராண்ட் பியானோவின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கமாகத் திறக்கும். இந்த இரண்டும் மாறியிருந்தால் படம் மாறியிருக்கிறது. வாலரைப் போன்ற ஸ்டிரைட் பாணிக்காரரிடம் (இடக்கை கீழ்ச்சுரத்துக்கும் நடுக் கட்டைகளுக்கும் மாறி மாறித் தாவும் ஜாஸ் பாணி) இது முக்கியம், ஏனென்றால் அவருடைய இடக்கைத் தாவல்தான் விஷயமே.

ஸ்டிரைட் பற்றிப் பேசும்போது ஒன்று. வாலரும் இன்னொரு ஜாஸ் மேதையான டியூக் எலிங்டனும், இந்தப் பாணியின் மூத்தவரான ஜேம்ஸ் பி. ஜான்சனின் ரோல்களை மெதுவாக ஓட்டி, அமுங்கும் கட்டைகளில் விரலை வைத்துப் பழகினவர்கள். ஜான்சனின் 'கரோலைனா ஷவுட்' என்ற பாட்டை எலிங்டன் கற்றது அப்படித்தான். வீடியோவை 0.5 வேகத்தில் வைத்துப் பார்க்கிற நாம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

ரோலையும் படத்தையும் பக்கத்தில் வைப்பது

ரோலுக்கு ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். அவர்களுடைய சேமிப்பில் ஆயிரக்கணக்கான ரோல்கள் உண்டு. 2019-இல் வந்த சூப்ரா தொகுப்பில் நூற்றுக்கணக்கான வெல்டே ரோல்களின் ஸ்கேன் படமும் ஒலியும் கிடைக்கும். பியானோலாட்ரான் என்ற அவர்களுடைய இணையச் செயலியில், துளைகள் நகர நகர இசை கேட்கலாம். யூடியூபில் தனியார் பியானோக்களில் ஓடும் ரோல்களும் ஏராளம், ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ரோலுக்கு ஏற்ற கருவியா? டுவோ-ஆர்ட் ரோலைச் சாதாரண பிளேயர் பியானோவில் ஓட்டினால் ஏற்ற இறக்கம் போய்விடும். இன்னொன்று வேகம். சாதாரண ரோல்களிலும் டுவோ-ஆர்ட்டிலும் தொடக்கத்தில் 'டெம்போ 70' என்று போட்டிருந்தால் நிமிடத்துக்கு ஏழு அடி காகிதம் என்று அர்த்தம். 80-இல் ஓட்டிவிட்டு 'அந்தக் காலத்தில் என்ன வேகம்!' என்று வியப்பவர்கள் உண்டு.

இப்போது பாடெரெவ்ஸ்கி. 1937-இல் வந்த 'மூன்லைட் சொனாட்டா' என்ற பிரிட்டிஷ் கதைப்படத்தில் அவராகவே நடித்திருக்கிறார். வயது எழுபத்தைந்தை ஒட்டி. கதை எப்படியோ போகட்டும், கச்சேரிக் காட்சிகள்தான் நமக்கு வேண்டியவை: சோபானின் ஏ ஃப்ளாட் பொலோனேஸ், லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடி, அவரே எழுதிய ஜி மேஜர் மினுவெட். மினுவெட்டை அவர் டுவோ-ஆர்ட்டுக்கும் பதித்திருக்கிறார். ஒரே கை, ஒரே பாட்டு, காகிதத்திலும் படத்திலும். ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது கடினம்.

முதலில் ரோலைக் கேளுங்கள், முடிந்தால் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே. மெட்டுச் சுரமும் அதற்குக் கீழே வரும் இடக்கைச் சுரமும் இசைக்குறிப்பின்படி ஒன்றாக விழ வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் இருக்காது. இடக்கைத் துளை ஒரு மயிரிழை முன்னால் தொடங்கும், மெட்டு தாமதித்து வரும். அந்தத் தலைமுறையின் வழக்கம் இது, பாடெரெவ்ஸ்கியிடம் சற்றுத் தூக்கல். இன்றைய காதுக்கு முதலில் தடுமாற்றம் மாதிரிகூடக் கேட்கும்.

அப்புறம் படத்தைப் போடுங்கள், மறுபடியும் ஒலி இல்லாமல். கைகள் தெரியும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி நகர்த்துங்கள். கணினியில் புள்ளி விசையும் காற்புள்ளி விசையும் யூடியூபை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். இடக்கை இறங்கிவிடும், வலக்கை இன்னும் காற்றில் இருக்கும். அப்படித் தெரிந்தால், காகிதத்தில் பார்த்த அந்த விலகல் எந்திரத்தின் கோளாறும் அல்ல, திருத்தியவரின் கைவேலையும் அல்ல என்று உறுதியாகிறது. விரல் அழுத்தத்தை ரோலில் நம்ப முடியாது என்றேனே, அதற்கும் இங்கே விடை தேடலாம்: கையை எவ்வளவு உயரத்திலிருந்து இறக்குகிறார், தோளிலிருந்து வருகிறதா மணிக்கட்டிலிருந்து வருகிறதா என்று படம்தான் சொல்லும். ஒரே எச்சரிக்கை, இது கதைப்படம். முகமும் கையும் ஒரே ஷாட்டில் தெரியும் இடங்களை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கை மட்டும் நெருக்கமாகத் தெரியும் ஷாட் வேறொரு டேக்காக இருக்கலாம்.

மைரா ஹெஸ் படத்தில் இத்தனை சந்தேகம் வேண்டாம். கச்சேரி நடந்துகொண்டிருந்த மண்டபத்திலேயே எடுத்தது. ஆனால் இயக்குநருக்கு அவர் கையைவிடக் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களின் முகம்தான் பிடித்திருந்தது போலும். பியானோ ஓடிக்கொண்டே இருக்கும், கேமரா ஊர் சுற்றப் போய்விடும்.

குறித்து வையுங்கள்

பார்த்ததை ஒரு நோட்டிலோ கோப்பிலோ எழுதி வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் குழம்பிவிடும். கலைஞர் பெயர், படத்தின் ஆண்டு, எந்தக் காப்பகம், ஒலி உடன்பிறந்ததா ஒட்டியதா பிளேபேக்கா, ரோல் எந்த நிறுவனம், ரோலின் எண். இவ்வளவு போதும். யூடியூப் இணைப்பை மட்டும் நம்பாதீர்கள், பதிவுகள் திடீரென்று காணாமல் போகும். காப்பகத்தின் அட்டவணை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், அந்த எண்ணை வைத்து வேறு இடத்தில் தேடிப் பிடித்துவிடலாம். ஒலியின் மூலம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகத்தைப் பென்சிலில் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.